தண்டையார்பேட்டையில் கார் ஓட்டக் கற்றல்: ஒரு பயிற்சிப் பள்ளி, ஐரோப்பிய அளவுகோலில்

வடசென்னையில் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றில் அண்மையில் பயிற்சி முடித்து உரிமம் பெற்றேன். அந்தப் பயிற்சியின் தரத்தைப் பற்றியதே இம்மதிப்புரை. பள்ளியின் பெயரை எழுதவில்லை. நான் கண்ட குறைகளுள் பெரும்பாலானவை இந்த வட்டாரத்துப் பள்ளிகள் பலவற்றுக்கும் பொதுவானவை; நிறைகளுள் முதன்மையானதோ அங்கு வேலை செய்யும் ஒரு மாஸ்டரோடு வந்தது, அவர் நாளை வேறு பள்ளிக்கு மாறினால் அதுவும் அவரோடு போய்விடும். கட்டணம் எட்டாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. எல்.எல்.ஆர். எடுத்துத் தருவதும் தேர்வு நாளன்று காரைக் கொடுப்பதும் அதில் அடக்கம். அரசுக்குக் கட்டும் தொகை தனி.

ஐரோப்பாவை அளவுகோலாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் தங்கை. அவள் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறாள். சென்னையில் பெற்ற உரிமத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் குடியேறியவர் ஆறு மாதங்களுக்கு மேல் ஓட்ட முடியாது என்பதால், எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் அவள் மீண்டும் தேற வேண்டியதாயிற்று. நான் இங்கே கிளட்சோடு போராடிக்கொண்டிருந்த காலத்தில் அவள் அங்கே பட்ட பாட்டைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒப்பீடு தானாகவே வந்து சேர்ந்தது.

ஒப்பிடுவதற்குத் தக்க காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் சேர்த்து 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 20,600 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர். ஒன்றியத்தின் மக்கள்தொகை நம் மாநிலத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அந்த 27 நாடுகளிலும் 2001-இல் இறப்பு எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்குள்ளவர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் நிற்காது. இருபது ஆண்டுகளில் பாடுபட்டுக் குறைத்திருக்கிறார்கள். எதை எதைச் செய்து குறைத்தார்கள் என்பதும் வெளிப்படையாகவே கிடக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 31-ஆம் விதிப்படி, கார் பயிற்சி குறைந்தது 21 நாள் நடக்க வேண்டும். அதில் உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. பள்ளியின் பதிவேட்டில் இந்தக் கணக்கு பிசகாமல் இருக்கிறது. காரிலோ மூன்று மாணவர்கள் ஏறிக்கொள்கிறார்கள், ஒருவர் ஓட்ட இருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறார்கள், முறை மாறும்போதெல்லாம் இருக்கையை முன்னும் பின்னும் தள்ளிக் கண்ணாடியைத் திருப்புவதில் நேரம் கரைகிறது. பின்னால் உட்கார்ந்து பிறர் தடுமாறுவதைப் பார்ப்பதும் ஒருவகைக் கல்விதான், மறுக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் எழுதிய மணிக்கணக்குக்கு அது ஈடாகாது. பணம் கட்டும்போதே தனியாக ஓட்டும் நேரம் நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பாட வகுப்பு மெலிந்தது. அலுவலகத்தின் பின்னறையில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட ஒரு பலகை, அதன் முன் சில நாற்காலிகள், எல்.எல்.ஆர். தேர்வில் வரக்கூடிய கேள்விகளின் ஜெராக்ஸ் நகல், அதை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஓர் இளைஞர். தேர்வில் தேற இது போதும். ஆனால், ஒரு குறியீடு எதைக் காட்டுகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, ரயில்வே கேட் திறந்த மறுகணம் இரு பக்கமிருந்தும் ஒருசேரப் பாயும் ஸ்கூட்டர்களுக்கும் மீன்பாடி வண்டிகளுக்கும் நடுவில் காரை எங்கே நிறுத்தி வைத்திருப்பது என்பது தெரிந்துவிடாது. பிரிட்டனில் 2002 நவம்பரிலிருந்து எழுத்துத் தேர்வோடு சேர்த்து, ஆபத்தை முன்னுணரும் தேர்வு ஒன்றும் நடத்துகிறார்கள். சாலைக் காட்சிகள் அடங்கிய 14 காணொளித் துண்டுகளைப் பார்த்து, ஆபத்து உருவாகத் தொடங்கும் இடத்தில் சொடுக்க வேண்டும். எவ்வளவு முன்னதாக உணர்கிறோமோ அவ்வளவு மதிப்பெண். நிறுத்தியிருக்கும் பேருந்தின் பின்னாலிருந்து ஒருவர் சாலையில் கால் வைக்கப்போகிறார் என்பதை, அவர் கால் வைப்பதற்கு முன்பே கண்டவருக்குத்தான் பரிசு. ஜெர்மனியில் 30 கேள்விகள். கேள்விக்குக் கேள்வி பிழைப்புள்ளி வேறுபடும். மொத்தம் பத்துப் புள்ளி வரை மன்னிப்பு உண்டு, ஆனால் ஐந்து புள்ளிக்குரிய கடுமையான கேள்விகளில் இரண்டைத் தவறவிட்டால் மற்ற அனைத்தும் சரியாக இருந்தாலும் தோல்வி. என் தங்கை முதல்முறை அப்படித்தான் தோற்றாள், இரண்டும் சந்திப்பில் யார் முதலில் போக வேண்டும் என்பது பற்றியவை. சென்னையில் பல ஆண்டுகள் ஓட்டியவளுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்ததாம்.

காரைக் கையாளக் கற்றுத்தருவதில் பள்ளியைக் குறை சொல்ல இடமில்லை. ஹாஃப் கிளட்ச், மேட்டில் வண்டியைப் பின்னால் உருள விடாமல் எடுப்பது, ரிவர்ஸ் போட்டுக் குறுகிய சந்தில் நுழைப்பது ஆகியவற்றைப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். மாஸ்டர் பக்கமும் பிரேக், கிளட்ச் உண்டு; இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன.

இனி இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய பகுதிக்கு வருகிறேன். காலை வகுப்பை எடுக்கும் மாஸ்டர் பல ஆண்டுகள் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். முதுகுவலியால் அதை விட்டுவிட்டுப் பயிற்சியாளரானவர். எண்ணூர் விரைவுச்சாலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதற்கு முன், லாரிகள் நிறுத்தும் இடம் ஒன்றில் தமக்குத் தெரிந்த ஓட்டுநரின் டிரெய்லருக்கு இடப்பக்கம் நம் காரை நிறுத்தச் சொல்கிறார். பிறகு நம்மை டிரெய்லரின் வலப்பக்கக் கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்கிறார். நான் உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கீழே நிறுத்தி வந்த வெள்ளைக் கார் இல்லை. பக்கக் கண்ணாடியில் கண்டெய்னரின் நீண்ட சுவரும் அதற்கப்பால் ஒரு டீக்கடையின் கூரையும் தெரிந்தன. கதவை ஒட்டிய தரையைக் காட்டுவதற்கென்று மேலே இருக்க வேண்டிய வளைந்த சிறு கண்ணாடியின் இடத்தில் அதைத் தாங்கும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் முன்பக்கம் போய்ப் பம்பரை ஒட்டி நின்று கையைத் தூக்கினார். விரல்கள் மட்டும் தெரிந்தன. “உங்களுக்கு வண்டி தெரியுதுன்னு பக்கத்துல போயிடாதீங்கம்மா, அவனுக்கு நீங்க தெரியணும்” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

இதைத் தொடர்ந்து அவர் சொல்லித்தரும் இரண்டு செய்திகளை வடசென்னையில் இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர்களும் அறிந்திருக்க வேண்டும். சிக்னலில் டிரெய்லரின் இடப்பக்கக் கதவுக்கு நேராக ஒருபோதும் நிற்கக் கூடாது. ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் நமக்குத் தெரியும்படி பின்னால் நிற்க வேண்டும், அல்லது அவர் கண்ணுக்கு நம் வண்டி முழுவதும் படும்படி நன்றாக முன்னால் போய்விட வேண்டும். அடுத்தது, நீண்ட வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முதலில் வலப்பக்கமாக ஒதுங்கி இடம் எடுத்துக்கொள்ளும், பிறகு பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அது ஒதுங்குவதைப் பார்த்து, வழிவிடுகிறார் என்று எண்ணி இடப்பக்க இடைவெளியில் நுழைகிறவர்தான் சக்கரத்துக்குள் சிக்குகிறார். அரசுப் பாடத்திட்டமோ தேர்வோ பள்ளியின் விளம்பரப் பலகையோ இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. எட்டாயிரம் ரூபாயில் பெரும்பகுதியை நான் இந்த ஒரு காலைப்பொழுதுக்கு உரியதாகவே கருதுகிறேன்.

இதே அறிவை ஐரோப்பிய நாடுகள் தனிமனிதரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் போட்ட உத்தரவுப்படி, 2000-க்குப் பிறகு பதிவான 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் கண்மறைவுப் பகுதியைக் காட்டும் கூடுதல் கண்ணாடிகளை 2009 மார்ச்சுக்குள் பொருத்தியாக வேண்டும் என்றாயிற்று; புதிதாக வரும் லாரிகளுக்கு மட்டும் என்று விட்டுவிடாமல், ஓடிக்கொண்டிருந்தவற்றையும் திருத்தினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளின் பக்கங்களிலும் பின்னாலும், எங்கே நின்றால் ஓட்டுநருக்குத் தெரியமாட்டோம் என்று காட்டும் படம் ஒட்டியிருக்க வேண்டும். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து நட்சத்திர மதிப்பீடு வழங்குகிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்தவை கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தினால்தான் நகருக்குள் நுழைய முடியும். 2024 ஜூலைக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய லாரிகளும் பேருந்துகளும், பக்கத்தில் மிதிவண்டியோ ஆளோ இருந்தால் எச்சரிக்கும் உணர்கருவியோடு வருகின்றன. ஓட்டுநரின் களைப்பையும் மறக்கவில்லை: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம், அதைக் கருவி பதிவுசெய்கிறது. துறைமுக வாயிலில் இரவெல்லாம் வரிசையில் கண்விழித்துவிட்டு விடியலில் மணலிப் பக்கம் வண்டியைத் திருப்புகிற நம் டிரெய்லர் ஓட்டுநருக்கு எந்தக் கருவி ஓய்வு சொல்கிறது என்று மாஸ்டரைக் கேட்டேன். டீ என்றார்.

வேகத்தைப் பற்றிப் பள்ளி முறையாக எதுவும் கற்பிக்கவில்லை என்றாலும், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இந்த மாஸ்டர் மூன்றாவது கியரை அனுமதிப்பதில்லை. காரணம் கேட்டால் பிள்ளைகள் ஓடிவருவார்கள் என்பார். கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார், கால் பிரேக்கைத் தேடும் ஒரு நொடிக்குள்ளேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடுகிறது; 30 கி.மீ. என்றால் 8 மீட்டர்தான். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தொலைவோ 30-ஐவிட 50-இல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஸ்பெயின் 2021 மே மாதம் முதல், திசைக்கு ஒரு தடம் மட்டும் உள்ள நகரத் தெருக்கள் அனைத்திலும் 30 கி.மீ. வரம்பை நாடு முழுதும் வைத்தது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் இதே வரம்பு. 2025 ஜூலையில் முடிந்த ஓராண்டில் அந்நகரச் சாலைகளில் ஒருவரும் இறக்கவில்லை. சென்னையிலும் 2023 நவம்பரில் வேக வரம்புகளைத் திருத்தியபோது குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ. என்றுதான் அறிவித்தார்கள். அதைப் பள்ளியின் பாட வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை, ஜெராக்ஸ் நகலிலும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் பின் இருக்கை. பெல்ட் கொக்கிகள் இருக்கை உறைக்கு அடியில் செருகப்பட்டு, மேலே உறை இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, பின்னால் உட்காருகிறவர்கள் யாரும் போடுவதில்லை, உட்கார உறுத்துகிறது என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பின் இருக்கையிலும் பெல்ட் அணிவது 2006 முதல் எல்லா நாடுகளிலும் கட்டாயம். இந்தியாவிலும் சட்டப்படி அணியத்தான் வேண்டும், அணியாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். கற்றுக்கொள்கிறவர் ஓட்டும் காரில், திடீர் பிரேக் எந்தக் கணத்திலும் விழக்கூடிய காரில், பின்னால் இருவர் கட்டில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே பள்ளி வழங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. வற்புறுத்திய பிறகு உறையைக் கிழித்துக் கொக்கிகளை வெளியே எடுத்தார்கள். அடுத்து வந்த மாணவர் ஒருவர், இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்.

இரவு ஓட்டம் பயிற்சியில் கிடையாது. ஜெர்மனியில் புதிதாக உரிமம் எடுப்பவர், வழக்கமான பயிற்சிக்கு மேல் 45 நிமிடம் கொண்ட 12 சிறப்பு ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும்: ஊருக்கு வெளியே ஐந்து, நெடுவிரைவுச் சாலையில் நான்கு, இருட்டில் மூன்று. எதிரே வருகிறவர் ஹைபீமை அணைக்காமல் வரும்போது கண்ணை எங்கே வைப்பது, விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்பக்கம் எவ்வளவு நெருங்கிய பிறகு தெரியும் என்பவற்றை எண்ணூர்ச் சாலையில் ஓட்டப்போகிறவர் பகலில் கற்க இயலாது. கூடுதல் பணம் தருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன், மாலை ஆறரைக்கு மேல் காரை வெளியே எடுப்பதில்லை என்றுவிட்டார்கள்.

முதலுதவியும் அப்படியே. என் தங்கை உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் முழுக்க முதலுதவி வகுப்பில் பொம்மையின் மார்பை அழுத்திப் பழகிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு துண்டுத்தாள் தருகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதையும், அடிபட்டவருக்கு உதவுகிறவர் மீது வழக்கு வராதபடி 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் காக்கிறது என்பதையும் அந்தத் தாளிலாவது சேர்த்திருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, பள்ளிக்கு நியாயம் செய்யும் வகையில் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இறப்பு குறைந்ததற்குப் பயிற்சிப் பள்ளிகளை முதற்காரணமாகக் காட்ட முடியாது. சாலையில் ஒருவரும் இறக்கக் கூடாது என்று சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்ற ‘சுழிய இலக்கு’க் கொள்கையின் அடிப்படையே, எவ்வளவு பயிற்சி பெற்றாலும் மனிதர் தவறுவார், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது அரசின் கடமை என்பதுதான். அதன்படி, நேருக்கு நேர் மோதல் மிகுந்த சாலைகளை மூன்று தடங்களாக்கி, முந்துவதற்கான நடுத்தடத்தை இரு திசைக்கும் மாறி மாறிக் கொடுத்து, இடையில் இரும்புவடத் தடுப்பை இழுத்துக் கட்டினார்கள். அத்தகைய சாலைகளில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. பிரான்சில் 2002-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள். 2003-இலிருந்து தானியங்கி வேகக் கேமராக்களை நாடெங்கும் வைத்தார்கள். 2010-இல் அந்த எண்ணிக்கை நாலாயிரத்துக்குக் கீழே வந்தது. கேமரா ஆள் பார்ப்பதில்லை, வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய கட்சிக் கொடியையும் பார்ப்பதில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லருக்கும் ஸ்கூட்டருக்கும் தனித்தனித் தடம் பிரித்துத் தடுப்பு வைக்காத வரையில், அந்த மாஸ்டர் எத்தனை பேரை லாரியில் ஏற்றி இறக்கினாலும் அவர் காப்பாற்றக்கூடியவர்கள் அவரிடம் கற்றவர்கள் மட்டுமே. அதற்காக அவர் செய்வதன் மதிப்பு எனக்குக் குறைந்துவிடவில்லை.

ஆர்.டி.ஓ. தேர்வைப் பற்றி எழுத அதிகமில்லை. ஜெர்மனியில் சாலைத் தேர்வு 55 நிமிடம், அதில் குறைந்தது அரை மணி நேரம் சாலைப் போக்குவரத்தில் ஓட்ட வேண்டும். எனக்கு இங்கே இரண்டாவது கியர் போட்டதும் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, இப்பள்ளியைக் காலை வகுப்பில் அந்த மாஸ்டரிடம் கற்கக் கிடைத்தால் மட்டுமே பரிந்துரைப்பேன். மாலை வகுப்பு என்றால் இதே கட்டணத்துக்கு வீட்டுக்கு அருகிலுள்ள எந்தப் பள்ளியும் ஒன்றுதான். சேரும்போது முழுத்தொகையையும் கட்டிவிட வேண்டாம், பாதியைக் கையில் வைத்துக்கொண்டால் ஓட்டும் நேரத்தைக் கேட்டுப் பெற முடிகிறது. பின் இருக்கை பெல்ட்டை முதல் நாளே இழுத்துப் பாருங்கள். டிரெய்லரில் ஏற்றிக் காட்டும் பாடத்தை மாஸ்டர் தாமாக எல்லோருக்கும் நடத்துவதில்லை, அன்றைக்கு அவருக்குத் தெரிந்த ஓட்டுநர் யாராவது அங்கே இருக்க வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு திங்கட்கிழமை அழைத்துச் செல்வார்.